புட் அப்: ஒரு தொடர்வினையும் வளாகத்து ஆங்கிலமும்

தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்த மாணவி ஒருவர், மாநிலத்துக்கு வெளியே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் மூத்த ஆய்வாளர் ஒருவர், ‘வேர் ஆர் யு புட் அப்?’ என்று கேட்கிறார். மாணவிக்கு விளங்கவில்லை. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்ளுதல் என்று மேல்நிலை வகுப்பில் படித்திருக்கிறார். யாரை, எதைப் பொறுத்துக்கொள்வது? கேட்டவர் அறிய விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: எங்கே தங்கியிருக்கிறீர்கள்?

அடுத்த மாதம் உதவித்தொகை வரவில்லை. நிர்வாக அலுவலகத்தில் விசாரித்தபோது, ‘யுவர் ஃபைல் ஹாஸ் நாட் பீன் புட் அப்’ என்ற பதில் கிடைக்கிறது. கோப்பை இன்னும் அலமாரியில் எடுத்து வைக்கவில்லை போலும் என்று கருதி மாணவி திரும்பிவிடுகிறார். கோப்பு உரிய அதிகாரியின் ஒப்புதலுக்கு மேலே அனுப்பப்படவில்லை, உதவியாளரை அணுகி அனுப்பச் சொல்லவேண்டும் என்பதே அதன் பொருள் என்று தெரியவரும்போது மேலும் சில வாரங்கள் கடந்துவிட்டன.

ஆண்டிறுதியில் அவர் தம் ஆய்வறிக்கையில், களத்தில் சந்தித்த பட்டதாரிகளைக் குறித்து, இன்ன ஆண்டில் கல்லூரியிலிருந்து ‘பாஸ்ட் அவுட்’ ஆனவர்கள் என்று எழுதுகிறார். அச்சொல்லைச் சிவப்பு மையால் சுழித்த நெறியாளர், அத்தனை பேரும் மயங்கி விழுந்தார்களா என்று ஓரத்தில் குறிக்கிறார்.

இம்மூன்றும் எடுத்துக்காட்டுக்காகக் கோத்த காட்சிகளே. ஆயினும் இந்திய வளாகம் எதையும் அறிந்தவர்களுக்கு இவற்றில் ஒன்றுகூட அயலாகத் தோன்றாது. முதற்பார்வைக்கு இவை ஒரு மாணவியின் ஆங்கிலக் குறைபாட்டைக் காட்டுகின்றன. சற்று நின்று நோக்கினால், ஆங்கிலம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, எவருடைய ஆங்கிலம் பிழை என்று பெயர் பெறுகிறது என்னும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ‘புட் அப்’ என்னும் எளிய தொடர்வினை இவ்விரண்டையும் ஆராய்வதற்குப் போதுமானது.

*

வினைச்சொல் ஒன்றோடு ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ போன்ற இடைச்சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் அமைப்பை ஆங்கில இலக்கணம் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறது. தமிழில் தொடர்வினை எனலாம். அப்பெயர் பழையதன்று. லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்னும் நூலின் வழியாகவே அது புழக்கத்துக்கு வந்தது; ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி அதைப் பரிந்துரைத்தார் என்று ஸ்மித் குறிப்பிடுகிறார். பெயர் புதிது, தொல்லை பழையது. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், பின்னொட்டாக வரும் சிறுசொல்லால் வினையின் பொருள் மாறும் இவ்வமைப்பே அயல்நாட்டாருக்குப் பெருஞ்சிக்கல் என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

‘புட் அப்’ தாங்கும் பொருள்களை வரிசைப்படுத்தினால் அச்சிக்கல் கண்கூடாகும். வகுப்பில் கையை உயர்த்துவது ‘புட் அப்’. கூடாரம் அடிப்பதும் சுவர் எழுப்புவதும் ‘புட் அப்’. அறிவிப்புப் பலகையில் தேர்வு முடிவை ஒட்டுவதும், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவதும், தொழிலுக்கு ஒருவர் முதல் போடுவதும், கட்சி வேட்பாளரை நிறுத்துவதும், வீட்டை விற்பனைக்கு விடுவதும், தோற்கும் நிலையிலும் எதிர்த்துப் போராடுவதும் அதுவே. விருந்தினருக்கு ஓரிரவு தங்க இடம் கொடுப்பதும், மாங்காயை ஊறுகாயாக்கிச் சாடியில் அடைத்து வைப்பதும் அதுவே. ‘வித்’ சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுதல். நடுவில் ஆள்பெயரும் இறுதியில் ‘டு’வும் சேர்ந்தால் ஒருவரைத் தீய செயலுக்குத் தூண்டிவிடுதல். ‘புட் அப் ஜாப்’ என்று பெயரடையானால் முன்கூட்டியே திட்டமிட்ட சூழ்ச்சி.

பள்ளிப் பாடநூல்களில் இவை இரண்டு நிரல்களாக அச்சிடப்படுகின்றன. இடப்பக்கம் தொடர்வினை, வலப்பக்கம் பொருள். மாணவர் மனப்பாடம் செய்கிறார். தேர்வில் ‘பொருத்துக’ என்னும் வினாவுக்கு விடையளிக்கிறார். தேர்வு முடிந்ததும் மறக்கிறார். மறப்பது மாணவரின் குற்றமன்று. தொடர்பற்ற செய்திகளை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்க எவராலும் இயலாது.

ஆனால் அவை உண்மையிலேயே தொடர்பற்றவைதாமா?

*

மேலே தந்த பொருள்களை மீண்டும் ஒருமுறை பார்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு கிளைகளாகப் பிரிவது தெரியும்.

முதற்கிளை, தாழ்ந்து கிடப்பதை உயர்த்திக் கண்ணுக்குப் புலப்படச் செய்தல். கை, கூடாரம், சுவர், அறிவிப்பு ஆகியன நேர்ப்பொருளில் உயர்கின்றன. வாடகை எண்ணளவில் உயர்கிறது. கூடுதல் என்பதை மேல் என்றும் குறைதல் என்பதைக் கீழ் என்றும் மனம் கொள்ளும் இவ்வுருவகத்தை ஜார்ஜ் லேகாஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் தம் நூலில் விளக்கினர். விலை ஏறியது, காய்ச்சல் இறங்கியது என்று தமிழும் அவ்வாறே பேசுகிறது. வேட்பாளர், விற்பனைக்கு வரும் வீடு, எதிர்ப்பு ஆகியவை பொதுவெளியில் எல்லோர் பார்வைக்கும் முன்னிறுத்தப்படுகின்றன. வேட்பாளரை ‘நிறுத்துதல்’ என்று தமிழ் சொல்லும்போதும் ஒருவரைப் பலர் காண நிற்கவைக்கும் படிமமே அதில் இருக்கிறது.

இரண்டாம் கிளை இதற்கு நேர்மாறானது: வெளியே கிடப்பதை அதற்குரிய இடத்தில் சேர்த்து மூடிவைத்தல். ஊறுகாய் சாடிக்குள் போகிறது. உருவிய வாளை உறையிலிடுவதற்கும் பழைய ஆங்கிலம் ‘புட் அப்’ என்றே சொன்னது; 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பில், வாளை உறையிலிடுமாறு இயேசு பேதுருவிடம் கூறும் இடத்தில் இவ்வினையே வருகிறது. பயணி இரவில் சத்திரத்தில் தங்குவதும், அவருடைய குதிரை இலாயத்தில் கட்டப்படுவதும் இக்கிளையைச் சேர்ந்தவை.

பொறுத்துக்கொள்ளுதல் என்னும் பொருளும் இங்கிருந்தே முளைத்தது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், இழைக்கப்பட்ட அவமதிப்புக்குப் பழிவாங்காமல் அதை உள்ளே வாங்கி வைத்துக்கொள்வதும் ‘புட் அப்’ எனப்பட்டது. வாளை உறையிலிடுவதுபோல் சினத்தை உள்ளே இடுதல். பின்னர் ‘வித்’ சேர்ந்து இன்றைய வடிவம் நிலைத்தது. அவமானத்தை விழுங்கினான், மனத்துக்குள் போட்டு வைத்திருக்கிறாள் என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இந்த வரலாறு விளங்குவதற்கு அரைநிமிடம் போதும்.

ஆகவே, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற கேள்வியில் பொறுமையைத் தேடிய மாணவி முற்றிலும் வழிதவறவில்லை. தங்குதலும் பொறுத்தலும் ஒரே கிளையின் இரு இலைகள். அதை அவருக்கு எவரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவே.

இவ்வாறு இடைச்சொல்லின் பொருளிலிருந்து தொடங்கி விளக்கும் முயற்சிக்கு மொழியியலில் நல்ல மரபு உண்டு. டுவைட் போலிஞ்சர் 1971இல் தொடர்வினைகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். சூசன் லிண்ட்னர் 1981இல் கலிஃபோர்னியாவில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு ‘அப்’, ‘அவுட்’ ஆகிய இரண்டு சொற்கள் வரும் தொடர்வினைகளை மட்டுமே எடுத்துக்கொண்டு, அவற்றின் பொருள்கள் தற்செயலாகச் சேர்ந்தவையல்ல, ஒன்றோடொன்று பின்னியவை என்று காட்டியது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இந்தியப் பாடநூல்கள் இரட்டை நிரலைக் கைவிடவில்லை.

*

இச்சிக்கல் இந்திய அறிவு மரபுக்குப் புதியதன்று. சமஸ்கிருதத்தில் வினையடிக்கு முன் வரும் உபசர்க்கங்கள் இதே பணியைச் செய்கின்றன. ‘ஹ்ரு’ என்னும் ஒரே வேர் ‘ஆ’ சேர்ந்தால் ஆஹாரம். ‘வி’ சேர்ந்தால் விஹாரம். ‘சம்’ சேர்ந்தால் சம்ஹாரம். ‘பரி’ சேர்ந்தால் பரிஹாரம். உணவு, உலாவுதல், அழிவு, கழுவாய் என நான்கும் நான்கு திசைகள். வேதமொழியில் உபசர்க்கம் வினையைவிட்டு விலகியும் நிற்கும். ஆங்கிலத்தில் ‘புட்’டுக்கும் ‘அப்’புக்கும் இடையே வேறு சொற்கள் நுழைவதைப் போன்ற நிலை அது. உபசர்க்கத்துக்குத் தனிப்பொருள் உண்டா என்ற வாதத்தை யாஸ்கர் தம் நிருக்தத்தில் பதிவு செய்திருக்கிறார். பிரித்தெடுத்தால் அவற்றுக்குப் பொருளில்லை என்றார் சாகடாயனர். உண்டு என்றார் கார்க்கியர். தொல்காப்பியமும் இடைச்சொற்கள் பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும், தாமாகத் தனித்து இயங்கும் தன்மை அவற்றுக்கு இல்லை என்று வரையறுக்கிறது. ‘அப்’ என்பதற்குத் தனிப்பொருள் உண்டா என்று இன்றைய மொழியியலாளர் கேட்பது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வாதத்தின் தொடர்ச்சியாகவே ஒலிக்கிறது.

வாழும் தமிழிலும் இதற்கு இணைகள் உண்டு. ‘புட்’ என்பதற்குத் தமிழில் மிக நெருங்கி வரும் வினை ‘போடு’. பந்தல் போடுகிறோம், சண்டை போடுகிறோம், முதல் போடுகிறோம். இம்மூன்று இடங்களிலும் ஆங்கிலம் ‘புட் அப்’ என்று சொல்லலாம். இவற்றோடு கோலம் போடுதல், ஊசி போடுதல், சட்டை போடுதல், வழக்குப் போடுதல், கையெழுத்துப் போடுதல், பட்டினி போடுதல் என்று பட்டியல் நீள்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இவ்வினையை எண்ணிட்ட பல பொருள்களாகப் பகுத்துத் தருகிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே கற்றுவிடுகிறது. ‘போடு’ கடினமான சொல் என்று எந்தத் தமிழரும் முறையிட்டதில்லை.

துணைவினைகளோ இன்னும் நெருக்கமானவை. ‘ஈட் அப்’ என்பதைத் தின்று தீர்த்தான் என்றும், ‘ட்ரை அப்’ என்பதை வற்றிப்போனது என்றும், ‘டை அப்’ என்பதைக் கட்டிப்போட்டான் என்றும், ‘லாக் அப்’ என்பதைப் பூட்டிவைத்தான் என்றும் தமிழ் சொல்கிறது. செயல் முற்றுப்பெற்றதையும் அதன் விளைவு நிலைத்திருப்பதையும் ஆங்கிலம் ஒரே ‘அப்’பால் குறிக்க, தமிழ் தீர், போ, போடு, வை என்று வேறுபடுத்திக் காட்டுகிறது. இந்தியில் ‘மார் டால்னா’, ‘பைட் ஜானா’ போன்றவையும் இவ்வகையினவே. இத்தகைய கூட்டு வினைகள் குடும்பம் கடந்து இந்திய மொழிகள் பலவற்றிலும் பரவியிருப்பதைக் காலின் மாசிகா 1976இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். இந்தியாவை ஒரே மொழியியல் பரப்பாகக் கருதலாம் என்று மர்ரி எமனோ 1956இல் முன்வைத்த கருத்துக்கு அது வலுச்சேர்த்தது.

ஆங்கிலத் தொடர்வினையும் இந்தியக் கூட்டு வினையும் ஒன்றே என்று இதனால் ஆகிவிடாது. ஒன்றில் திசை காட்டும் இடைச்சொல், மற்றதில் இன்னொரு வினை. ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் ஒரு தமிழ்த் தொடரை ஒட்டவைக்கவும் முடியாது. ஆனால் சிறுசொல் ஒன்று சேர்வதால் வினையின் பொருள் திசைமாறும் என்னும் அடிப்படை நுட்பத்தை இந்திய மாணவர் ஏற்கெனவே கைவரப்பெற்றவர். அந்த அறிவை வகுப்பறை வாசலிலேயே விட்டுவரச் சொல்லும் ஆங்கிலக் கல்வி, அவரைத் தொடக்கநிலைக்குத் தள்ளுகிறது.

*

இனி இந்திய ஆங்கிலத்தின் சிறப்புப் பொருள்கள். கோப்பை ‘புட் அப்’ செய்தல் என்பது இந்திய அரசு அலுவலகத்தின் உயிர்மூச்சு. பிரிவு உதவியாளர் குறிப்பெழுதுகிறார். அது பிரிவு அலுவலரிடமும், சார்புச் செயலரிடமும், துணைச் செயலரிடமும், இணைச் செயலரிடமும் படிப்படியாக ஏறுகிறது. அந்த ஏற்றமே இங்கு ‘அப்’. தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஃபைல் மேலே போயிருக்கிறது என்று சொல்வதும் இதே படிமம். கோப்பு மின்வடிவம் பெற்று, ஏறுவதற்கு மாடிப்படி தேவையில்லாத இந்நாளிலும் அது ‘புட் அப்’ செய்யப்பட்டே வருகிறது. மேல், கீழ் என்னும் அதிகார அடுக்கை ஓர் இடைச்சொல் இவ்வளவு துல்லியமாகச் சுமப்பது வியப்புக்குரியது.

தங்குதலுக்கு வரும் ‘புட் அப்’ இந்தியாவில் சற்று அகன்ற பொருளுடையது. இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் அது ஓரிரு நாள் விருந்தைக் குறிக்கும். இந்தியாவிலோ ஐந்தாண்டு விடுதி வாழ்க்கைக்கும் அதுவே சொல். இலக்கணம் பிழைத்த இந்தியர் எவரும் இதைப் புனைந்துவிடவில்லை. சத்திரத்தில் தங்குவதற்கு 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் தாராளமாகப் பயன்படுத்திய சொல்லின் தொடர்ச்சிதான் இது. கொண்டுவந்தவர்கள் கைவிட்டார்கள்; பெற்றுக்கொண்டவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

நெறியாளரின் ஏளனத்துக்கு ஆளான ‘பாஸ் அவுட்’டும் அத்தகையதே. பயிற்சியை நிறைவு செய்து வெளியேறுதல் என்னும் பொருளில் பிரிட்டிஷ் இராணுவம் அதை இன்றும் ஆள்கிறது. 1932இல் தொடங்கப்பட்ட டேராடூன் இந்திய இராணுவ அகாதமியிலும், சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதமியிலும் நிறைவு விழாவின் பெயரே ‘பாசிங் அவுட் பரேட்’. நாளிதழ்கள் பெருமையோடு படம் வெளியிடுகின்றன. இளம் அதிகாரிகள் மயங்கி விழுந்தார்களா என்று எவரும் கேட்பதில்லை. அதே சொல் அரசுக் கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவரின் வாயிலிருந்து வரும்போது மட்டும் நகைப்புக்கு உள்ளாகிறது.

சிக்கலின் மையம் இங்குதான் இருக்கிறது. அலுவலகத்தின் ‘புட் அப்’ பிரிட்டிஷ் அகராதியின் முதன்மைப் பொருள்களுள் இல்லை. ஆயினும் அதைத் திருத்த எந்தப் பேராசிரியரும் சிவப்பு மை எடுப்பதில்லை. அவருடைய விடுப்பு விண்ணப்பமும் ‘புட் அப்’ செய்யப்பட்டே ஒப்புதல் பெறுகிறது. சீருடையின் ‘பாஸ் அவுட்’ கண்ணியமானது. மாணவியின் ‘பாஸ் அவுட்’ பிழை. இங்கே இலக்கண விதியொன்று பொதுவாகச் செயல்படுவதாகக் கொள்ள முடியாது. பேசுபவரின் இருக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பிழையும் வழக்கும் பிரிக்கப்படுகின்றன.

*

முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொடர்வினைகள் குறிப்பாக ஏன் இடறுகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. உரையாடலிலும் புனைகதையிலும் இவை மிகுதி. ஆய்வு நடையிலும் பாடநூல் நடையிலும் குறைவு. 1999இல் வெளிவந்த லாங்மன் இலக்கணம் தரவுகளோடு இதை நிறுவியது. ஆங்கிலத்தைப் பாடநூல் வழியாக மட்டுமே பெற்றவருக்கு ‘டாலரேட்’ தெரியும், ‘கன்ஸ்ட்ரக்ட்’ தெரியும், ‘நாமினேட்’ தெரியும். ‘புட் அப்’ தெரியாது. வீட்டிலும் நண்பர் வட்டத்திலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கு நிலைமை தலைகீழ். ஆகவே தொடர்வினையைச் சரளமாகக் கையாள்வது அறிவின் அளவுகோல் ஆகாது. எந்த வீட்டில் வளர்ந்தார் என்பதன் அளவுகோலாகவே அது பெரும்பாலும் அமைகிறது. நேர்காணல் அறைகளில் ‘நேச்சுரல் இங்கிலீஷ்’ என்று பாராட்டப்படுவதில் எவ்வளவு பங்கு பிறப்பின் வாய்ப்பு என்பதைத் தேர்வாளர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தொடர்வினைகளைக் கற்போர் அஞ்சி ஒதுக்குவது இந்தியருக்கு மட்டும் உரியதன்று. ஹீப்ரு பேசும் மாணவர்கள் அவற்றைத் தவிர்த்து ஒற்றைச்சொல் வினைகளை நாடுவதை டாகுட்டும் லாஃபரும் 1985இல் எடுத்துக்காட்டினர். பிற மொழியினரிடம் நடந்த பிற்கால ஆய்வுகளும் இப்போக்கைப் பல கோணங்களில் ஆராய்ந்தன. சுமையின் அளவையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் மிகுதியாக வரும் 100 தொடர்வினைகளுக்கு 559 பொருள்கள் இருப்பதாகக் கார்ட்னரும் டேவிஸும் 2007இல் கணக்கிட்டனர். சராசரியாக ஒன்றுக்கு ஐந்துக்கும் மேல். ஆனால் 2015இல் கார்னியரும் ஷ்மிட்டும் வெளியிட்ட பட்டியல் ஆறுதல் தருவது. 150 தொடர்வினைகளுக்கு 288 பொருள்களைக் கற்றாலே அவற்றின் வருகைகளில் முக்கால் பங்குக்கு மேல் விளங்கிவிடும் என்று அது காட்டியது. ஒரு தொடர்வினைக்கு ஏறத்தாழ இரண்டு பொருள். அகராதியில் உள்ள அனைத்தையும் மனப்பாடம் செய்யவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. எவற்றை முதலில் கற்பது என்ற தேர்வே தேவை.

*

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஆய்வுக் கட்டுரைகள் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. அங்கே ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுதலே முதலில் தோன்றும். மாணவரைத் திருத்தாமல் விடுவது அவருக்குச் செய்யும் தீங்கல்லவா? மறுப்பு நியாயமானது. திருத்தத்தான் வேண்டும். ஆனால் திருத்தத்துக்கும் ஏளனத்துக்கும் வேறுபாடு உண்டு. ‘இந்தியாவில் இது வழக்கு; அயல்நாட்டு வாசகர் வேறு பொருள் கொள்வார்; ஆகவே இங்கே கிராஜுவேட் என்று எழுதுக’ என்று ஓரத்தில் குறிக்க ஒரு நிமிடம் கூடுதலாகும். அந்தக் குறிப்பு மாணவருக்கு ஒரு சொல்லோடு வாசகரைப் பற்றிய அறிவையும் தருகிறது. ஏளனம் அவருக்குக் கற்றுத்தருவது மௌனத்தை மட்டுமே. ஒருமுறை நகைக்கப்பட்டவர் அடுத்த கருத்தரங்கில் கேள்வி கேட்க எழுவதில்லை. ஆய்வுலகம் இழப்பது அந்தக் கேள்வியை.

செய்யக்கூடியவை எளியவை. பள்ளித் தேர்வுகள் பட்டியலைப் பொருத்தச் சொல்வதைக் கைவிட்டு, ஒரே தொடர்வினை வெவ்வேறு சூழல்களில் வரும் பத்தியைக் கொடுத்துப் பொருள் கேட்கலாம். பல்கலைக்கழக மொழித்துணை வகுப்புகள் மாணவரின் தாய்மொழியை ஒதுக்காமல், ‘போடு’விலிருந்து ‘புட்’டுக்கும், இந்தியின் ‘டால்னா’விலிருந்து அதே ‘புட்’டுக்கும் பாலம் அமைக்கலாம். அறிமுக வாரத்தில் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவதோடு, ‘புட் அப்’, ‘ஃபார்வர்ட்’, ‘எண்டார்ஸ்’, ‘த்ரூ ப்ராப்பர் சேனல்’ போன்ற அலுவலகச் சொற்களின் பொருளை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம். எந்த மேசையில் எதைக் கேட்கவேண்டும் என்பதும் அப்பக்கத்திலேயே இருக்கலாம். இந்த ஒரு தாளுக்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. முந்தைய ஆண்டு சேர்ந்த ஆய்வு மாணவர்கள் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்து எழுதிவிடலாம். உதவித்தொகைக்காக அலைந்த அவர்களே அதற்கு முழுத் தகுதியுடையவர்கள்.

ஜான்சன் 1755இல் அயல்நாட்டாரின் சிக்கலை ஒப்புக்கொண்டு, அவர்களுக்காகத் தம் அகராதியில் இவ்வினைகளைத் தனியே குறித்துவைக்க முயன்றார். எவருக்கு எது கடினம் என்பதை முன்கூட்டியே எண்ணிப்பார்த்து எழுதிவைப்பது கற்றவர் கடமை என்று அவர் கருதினார். இன்றைய வளாகங்களில் அக்கடமை நிறைவேறும்வரை, எங்கோ ஒரு மேசையில் ஒரு கோப்பு ‘புட் அப்’ செய்யப்படாமல் கிடக்கும். அது ஏன் நகரவில்லை என்று கேட்பதற்கான சொல் தெரியாமல் ஒரு மாணவி அதைப் ‘புட் அப் வித்’ செய்துகொண்டிருப்பார்.